காரில் சொல்லக்கூடாத ஒரு சொல்

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். அந்தப் பாதிப் பேரில் ஒருவருக்காவது அவள் பெயர் தெரியுமா என்றால் சந்தேகம்தான். ‘பிரேக் அக்கா’ என்றால் எல்லோருக்கும் தெரியும். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொள்கிறவர் வலது பக்கம் உட்காருவார், அவள் இடது பக்கம். அவள் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்திருப்பார்கள். ஆக்சிலேட்டர் மட்டும் கிடையாது. அதாவது, வண்டியை நிறுத்தலாம், ஓட்ட முடியாது. பதினான்கு வருடமாக இதுதான் உத்தியோகம். என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது விசாரித்தால், “பயப்படுற வேலை” என்பாள். கேட்டவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். அவள் சொன்னது உண்மை.

ஆண்கள் எப்படி ஓட்டுகிறார்கள், பெண்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று அவளிடம் கேட்டால் ஒரு நாள் போதாது. உட்கார்ந்ததும் ஆண் சீட்டைப் பின்னால் தள்ளுவான், பெண் முன்னால் இழுப்பாள். ஆண் கண்ணாடியைத் திருப்பித் தலைமுடியைச் சரி பார்த்துவிட்டு அப்படியே மறந்துவிடுவான். அதற்கப்புறம் பின்னால் லாரியே வந்தாலும் கண்ணாடியில் அவன் மூஞ்சிதான் தெரியும். பெண் கண்ணாடியை ஒழுங்காக வைத்துக்கொள்வாள். ஆனால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துவிட்டால், அவன் காதில் விழாது என்று தெரிந்தும், “சாரிங்க, சாரிங்க” என்று புலம்புவாள். ஆண் முதல் நாள் “எல்லாம் தெரியும், சும்மா லைசென்ஸுக்காக வந்தேன்” என்பான். பெண் “எனக்கு வராதுக்கா” என்பாள். இரண்டும் பொய். பயம் இரண்டு பேருக்கும் உண்டு. பெண்ணுக்குப் பயம் வந்தால் வாயால் சொல்லிவிடுவாள். ஆணுக்குப் பயம் வந்தால் மிதிப்பான். எல்லா ஆணும் இப்படியா, எல்லாப் பெண்ணும் அப்படியா என்று சண்டைக்கு வருகிறவர்கள் அந்த இடது சீட்டில் பதினான்கு வருடம் உட்கார்ந்துவிட்டு வரட்டும், பேசலாம்.

இந்தப் பாடத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு சொல். வேலையில் சேர்ந்த நான்காவது வருடம் அது நடந்தது. பழக்கடை முனையில் ஒரு திருப்பம். தையற்கார அம்மா ஒருத்தி கொஞ்சம் வேகமாகவே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு என்ற அர்த்தத்தில், அக்கா “விடுங்க, விடுங்க” என்றாள். அந்த அம்மா விட்டாள். காலை மட்டுமல்ல, ஸ்டியரிங்கையும் விட்டாள், இரண்டு கைகளையும் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அக்கா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் அதே முனையில் மருந்துக்கடைக்காரர். அதே வேகம். அக்கா வாயில் அதே சொல். “விடுங்க சார், விடுங்க!” அவர் காதில் அது வண்டியை விடு, ஓட்டு, போ என்று விழுந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தார் ஒரு மிதி. ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு தாய், குழந்தை வண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அக்கா தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறையாக மிதித்தாள். கார் நின்றபோது பம்பருக்கும் குழந்தை வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. உள்ளே இருந்த குழந்தை காரைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு பல மாதம் அக்காவைத் தூங்கவிடவில்லை.

யோசித்துப் பார்த்தால் நம் பாஷையில் அதைப்போல ஆபத்தான சொல் வேறில்லை. வண்டியை விடு என்றால் ஓட்டு. கையை விடு என்றால் எடு. சட்டைக்குள் கையை விடு என்றால் நுழை. பிள்ளையை ஸ்கூலில் விடு என்றால் கொண்டுபோய்ச் சேர். போனால் போகிறது, விடு என்றால் வாயை மூடு. அன்றிலிருந்து அவள் காரில் அந்தச் சொல் கிடையாது. ‘கால் எடுங்க’ மட்டும்தான். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: “இந்தக் கார்ல ‘விடு’ங்கற வார்த்தையை நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக்கூடாது.” கெட்ட வார்த்தையைச் சொன்னதுபோல எல்லோரும் திருதிருவென விழிப்பார்கள்.

வீட்டில் அந்தத் தடை செல்லுபடியாகவில்லை. வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் அதுதான்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பன்னிரண்டு பிள்ளைகள், அதில் ஒன்று சொந்த மகள், ஐந்தாம் வகுப்பு. இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார், ஒரு கீறல் கிடையாது. அந்தக் கீறல் இல்லாத கதையை அவர் சொல்லாத நாளும் கிடையாது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஜன்னலுக்கு வெளியே. அடுத்த வண்டியின் முதுகை முகர்ந்து பார்க்கிற தூரத்தில் போய்த்தான் பிரேக் பிடிப்பார். விடுமுறை நாளில் குடும்பத்தோடு வெளியே போனால் அக்கா வேனில் இடது பக்கம் உட்காருவாள். அங்கே பிரேக் இல்லை என்று அவள் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. வழி நெடுக ரப்பர் விரிப்பை மிதித்துக்கொண்டே வருவாள். மிதித்து மிதித்து அந்த விரிப்பில் அவள் குதிகால் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்துவிட்டது.

“டீச்சரம்மா, அங்க பிரேக் இல்ல. வேணும்னா ஒரு பெடல் வாங்கி ஒட்டிக் குடுக்கட்டுமா?” என்பார்.

“நீங்க கொஞ்சம் முன்னாடியே பிடிச்சா நான் ஏன் மிதிக்கிறேன்?”

“அதான் பொம்பளைங்க ஓட்டுறது. அடுத்த தெரு சிக்னலுக்கு இந்தத் தெருவுலயே பிரேக். விடு, ஒண்ணும் ஆகாது.”

மகள் பின்னாலிருந்து சிரிப்பாள். அக்காவுக்கும் சில சமயம் சிரிப்பு வரும். அவர் ஓட்டுவது பிடிக்காதே தவிர, அவருக்கு ஓட்டத் தெரியும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அந்தச் செருப்பில்லாத காலைப் பார்க்கிற வரைக்கும்.

ஒரு மாலை, வேனை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். வேனைச் சுற்றி வந்து பின்கதவைச் சாத்தினார், டயரைத் தட்டினார், பக்கத்து வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை பேசினார், வீட்டுக்குள் வந்தார். வலது காலில் செருப்பு இல்லை. வாசல் முழுக்க ஜல்லிக்கல். வெறுங்காலில் அதன்மேல் நடந்தால் யாராக இருந்தாலும் நடனமாடுவார்கள். அவர் சாதாரணமாக நடந்து வந்தார்.

“செருப்பு எங்கங்க?”

குனிந்து பார்த்தார். ஒரு நிமிடம் தன் காலையே யாருடைய காலோ என்பதுபோலப் பார்த்தார். “அட, வேன்லயே கழண்டிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குச் சர்க்கரை வந்து ஏழெட்டு வருடம். போன வருடம் முழுக்கப் பாதம் மரத்துப்போகிறது, எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகச் சொல்வதில்லை. சரியாகிவிட்டது என்று அவள் நிம்மதியாக இருந்தாள். சரியானதால் சொல்லாமல் இருக்கிறாரா, ஒன்றுமே தெரியாததால் சொல்லாமல் இருக்கிறாரா? அடுத்தவர் காலைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவள், வீட்டுக்காரர் காலைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கட்டிலில் கால் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முகம் பேப்பருக்குப் பின்னால். அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்தவள், ஒரு கிளிப்பை எடுத்து அவர் வலது கால் சுண்டுவிரலில் மாட்டினாள். ஈரப் போர்வையையே பிடித்து நிறுத்துகிற கிளிப். அவர் பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றை எடுத்துக் கட்டைவிரலில் மாட்டினாள். அவர் விளையாட்டுச் செய்தியை வாய்விட்டுப் படித்து, “இவனுங்களை வச்சுக்கிட்டு எப்படி ஜெயிக்கிறது?” என்று கேட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அக்கா மூன்றாவது கிளிப்பையும் மாட்டினாள். விரல் நுனி வெளுத்துவிட்டது. அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

மகளுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “அப்பா, காலைப் பாருங்க!”

பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். “என்னது இது, காலைக் காயப் போடறீங்களா?”

“எப்ப மாட்டினேன்னு சொல்லுங்க” என்றாள் அக்கா.

“இப்பத்தான்.”

“நீங்க முதல் பக்கம் படிக்கும்போது மாட்டினேன்.”

அவர் சிரிப்பு நின்றது. மகளை வெளியே போய் விளையாடச் சொன்னார். கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டார்.

“கால்ல உணர்ச்சி இல்லாம எப்படிங்க ஓட்டறீங்க? எவ்வளவு மிதிக்கிறீங்கன்னு எப்படித் தெரியும்?”

“காதுல கேட்டு ஓட்டறேன். இன்ஜின் சத்தம் சொல்லும். இருபத்திரண்டு வருஷம், ஒரு கீறல் உண்டா?”

“டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டலாம்.”

“காட்டினா என்ன சொல்வான்? ஓட்டாதேம்பான். அப்புறம்? உன் கார்ல பக்கத்துல உட்கார்ந்துக்கட்டுமா?” குரல் ஏறியது. அவருக்கும் பயம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பயம் வந்தால் மிதிக்கிற சாதிதானே அவரும். “விடு” என்றார். பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அக்கா செய்த காரியத்தை நினைத்தால் அவளுக்கே இன்றைக்கும் கூசும். மகளுக்கு வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் நிறுத்திக்கொண்டாள். மகள், “எனக்கு வலிக்கவே இல்லையேம்மா” என்றாள். “வலிக்கும், படு” என்றாள் அக்கா. வேன் மற்றப் பதினொரு பிள்ளைகளோடு போனது.

அது திரும்பி வரும்வரை அவள் சமையலறையில் நின்றபடியே நின்றாள். அடுப்பில் வைத்தது அடிப்பிடித்து நாறியது, தெரியவில்லை. தன் பிள்ளையைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு ஊரார் பிள்ளைகளை அனுப்பிவிட்டேனே என்ற எண்ணம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தெருவில் எங்கேயோ ஒரு ஹாரன் நீளமாக அடித்தபோது கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பல்லில்லாத ஒன்றாம் வகுப்புப் பையன், தினமும் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிற இரட்டைப் பெண்கள், வேனில் ஏறியதும் தூங்கிவிடுகிற ஒருத்தி. எல்லோர் அம்மாவும் கையாட்டி அனுப்பியிருப்பார்கள். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே வந்து, “என்ன தீயற வாசனை?” என்று கேட்டபோது அவள் அழுதுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மகளோடு அவளும் வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

“நீ எங்க?”

“நானும் வரேன். ஸ்கூல்லேருந்து பக்கம்தான், அப்படியே வேலைக்கு நடந்து போயிடுவேன்.”

“எனக்குப் பரீட்சை வைக்க வர்றியா டீச்சரம்மா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கால் ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போனது, திரும்பி வந்தது. சரியாகத்தான் போனது. ஒருமுறை பிரேக்கின் ஓரத்தில் இடித்துக்கொண்டு பிறகு ஏறியது. செருப்பு பாதி கழன்று தொங்கியது. அவள் காலடியில் ரப்பர் விரிப்பு நசுங்கியது. பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் ரோடு சரிவாக இறங்கும். இறக்கத்தின் அடியில் நாற்சந்தி. அங்கே ஆரஞ்சுக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா பலகையைத் தூக்கிப் பிடித்து, நடந்து வருகிற பள்ளிப் பிள்ளைகளை ரோட்டைக் கடக்கவிடுவாள். அன்றைக்கும் பலகையைத் தூக்கினாள். பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார்கள்.

அவர் காலை எடுத்தார், பிரேக்குக்குக் கொண்டுபோனார். செருப்பு கழன்று விழுந்தது. பாதம் வழுக்கி மறுபடி ஆக்சிலேட்டரின் மேலேயே உட்கார்ந்தது. அக்கா அதைக் கண்ணால் பார்த்தாள். அவருக்குத் தெரியவில்லை. பிரேக்கை மிதிப்பதாக நினைத்து மிதித்தார். இன்ஜின் உறுமியது, வேன் பாய்ந்தது.

“என்னடா இது, பிடிக்கலையே!” என்று கத்தினார்.

“விடுங்க! விடுங்க! விடுங்க!”

பத்து வருடம் வாயில் வராத சொல். காரில் அவள் டீச்சர், அங்கே நாக்கு அவள் பேச்சைக் கேட்கும். வேனில் அவள் பெண்டாட்டி. அவர் இன்னும் அழுத்தி மிதித்தார். அவள் வலது கால் தன் பங்குக்கு விரிப்பைத் துளைத்துவிடுவதுபோல மிதித்தது. அதன் கீழே தகரம்தான் இருந்தது. ஆரஞ்சுக் கோட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. பின்னால் பாட்டு நின்றுவிட்டது. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது அவள் வாயிலிருந்து வேறொரு குரல் வந்தது. தினமும் மருந்துக்கடைக்காரர்களிடமும் தையற்காரிகளிடமும் பேசுகிற குரல்.

“கால் எடுங்க சார்!”

அவர் காலை எடுத்தார். முதல் நாள் கற்றுக்கொள்ள வந்தவர்போல, முழங்காலே மேலே வருகிற அளவுக்கு எடுத்தார். அவள் கியரைத் தட்டி நியூட்ரலில் போட்டுவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கைகளாலும் இழுத்தாள். வேனின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்தது. நடைபாதைக் கல்லில் நெடுகத் தேய்த்துக்கொண்டு போய், ரோட்டு வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைக் குத்தி நின்றது.

சத்தமே இல்லை. ஆரஞ்சுக் கோட்டு அம்மா பலகையைத் தூக்கியபடியே நின்றாள். அவளுக்கும் வேனுக்கும் நடுவே நாலடி இருந்தது. அக்கா திரும்பி எண்ணினாள். பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு தலையும் இருந்தன. ஒரு சாப்பாட்டு டப்பா திறந்து கீழே கொட்டியிருந்தது, அவ்வளவுதான். தூங்குகிறவள்கூட விழித்துக்கொண்டிருந்தாள்.

“பிரேக்லதானே கால் வச்சேன்” என்றார் அவர்.

“இல்லங்க.”

“பிரேக்லதான்டி வச்சேன்.”

அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தார். தன் கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் தேடினார். வெறுங்கால் பெடல்களுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. வெகுநேரம் அதைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

பிறகு இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு, வேனைப் பிடித்துக்கொண்டு, முன்பக்கமாகச் சுற்றி வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் விழுந்த முதல் கீறல் வேனின் நீளத்துக்கு இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. அக்கா பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“நீ விடு” என்றார்.

அந்தச் சொல்லின் அர்த்தத்தில் இந்த முறை அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. இறங்கிப் போய் வலது பக்கம் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். அதில் பன்னிரண்டு முகங்கள், நடுவில் மகளின் முகம். பெடலுக்கு அடியில் கிடந்த செருப்பை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொள்ளாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்த்தாள். இந்தச் சீட்டில் அவள் தப்புச் செய்தால் பக்கத்தில் மிதிக்க இன்னொரு பிரேக் இல்லை. பதினான்கு வருடமாக அவளிடம் கற்றுக்கொண்டவர்களுக்கெல்லாம் அது இருந்தது.

மணலிலிருந்து மெல்லப் பின்னால் எடுத்து, ரோட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆரஞ்சுக் கோட்டு அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் இரண்டு தெரு. தூரத்தில், அடுத்த தெரு முனையில், சிக்னல் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அக்கா இந்தத் தெருவிலேயே பிரேக்கில் கால் வைத்தாள்.

ஓரக்கண்ணால் இடது பக்கம் பார்த்தாள். அவருடைய வெறுங்கால் ரப்பர் விரிப்பில், அவள் குதிகால் போட்ட பள்ளத்தில், முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்காது. அவள் சிரிக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் முன்னாடியே பிடி” என்றார் அவர்.